பழுதுகள் வரைந்த வரைபடம்: ஈஸ்ட் செல்லில் ஸ்பிளைசோசோம் அறியப்பட்ட வரலாறு

ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட் செல்லில் ஏறக்குறைய 6,000 மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் இன்ட்ரான் எனப்படும் இடைத்துண்டைக் கொண்டவை சுமார் 5 விழுக்காடு மட்டுமே. மனித மரபணுக்களிலோ பெரும்பாலானவற்றைப் பல இன்ட்ரான்கள் துண்டாடி நிற்கின்றன. ஆகவே, முன்னோடி ஆர்.என்.ஏ.விலிருந்து இன்ட்ரான்களை வெட்டி நீக்கி, எஞ்சிய எக்ஸான்களை இணைக்கும் ஸ்பிளைசிங் என்னும் செயலை ஆராய ஈஸ்ட் ஏற்ற உயிரி அன்று எனத் தோன்றுவது இயல்பே. ஆயினும், அச்செயலைப் புரியும் ஸ்பிளைசோசோம் என்ற மூலக்கூறு இயந்திரம் எந்த வரிசையில் கட்டப்படுகிறது என்பதைப் பெருமளவுக்கு அறிவித்தது இந்த ஒருசெல் உயிரிதான். அந்த அறிவைத் தந்த முதன்மையான கருவியோ, இன்ட்ரான் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், முற்றிலும் வேறொரு நோக்கத்திற்காக உருவாக்கப்பட்டது.

1967ஆம் ஆண்டில், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பணியாற்றிய லேலண்ட் ஹார்ட்வெல், ஈஸ்டில் வெப்ப உணர்வுள்ள சடுதிமாற்ற வகைகள் சுமார் 400-ஐப் பிரித்தெடுத்து வெளியிட்டார். அவை 23 பாகை செல்சியஸில் வளரும். 36 பாகையில் வளர்ச்சி நின்றுவிடும். உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத மரபணுவை முற்றாக அழித்தால் செல்லே மடிந்துவிடும். ஆராய எதுவும் மிஞ்சாது. ஆனால், அம்மரபணு ஆக்கும் புரதம் வெப்பத்தில் மட்டும் செயலிழக்குமாயின், செல்லைக் குளிர்ச்சியில் வளர்த்து, பின்னர் வெப்பத்திற்கு மாற்றி, முதலில் எது நிற்கிறது என்று பார்க்க இயலும். இயங்கும் இயந்திரத்தின் ஒரே ஓர் உறுப்பை, விரும்பிய கணத்தில் நிறுத்திப் பார்க்கும் வழி இது.

அந்தத் தொகுப்பில் ஒரு பிரிவு, வெப்பத்திற்கு மாற்றியவுடன் ஆர்.என்.ஏ. உற்பத்தியில் பெரும் வீழ்ச்சியைக் காட்டியது. 1970-இல் ஹார்ட்வெல், மெக்லாஃப்லின், வார்னர் ஆகிய மூவரும் அப்பிரிவில் 10 மரபணுக்களை இனங்கண்டனர். ஆர்.என்.ஏ. என்பதையே பெயராகக் கொண்டு, 2 முதல் 11 வரை எண்களும் இடப்பட்டன. இவை ரைபோசோம் உருவாக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் என்பது அவர்களின் முடிவு. அன்றைய சான்றுகளுக்கு அது முற்றிலும் நேர்மையான முடிவு: வெப்பத்தில் செல்கள் புதிய ரைபோசோம்களை ஆக்கவில்லை என்பது கண்கூடு. ஏன் ஆக்கவில்லை என்பதற்கான விடை அன்றைய உயிரியலின் சொற்களஞ்சியத்திலேயே இல்லை.

அச்சொற்கள் 1977-க்குப் பின் வந்தன. அவ்வாண்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிலிப் ஷார்ப், சூசன் பர்கெட் முதலியோரும், கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ராபர்ட்ஸ், லூயிஸ் சௌ முதலியோரும் அடினோவைரசின் செய்தி ஆர்.என்.ஏ.வை அதன் டி.என்.ஏ.வுடன் இணையவிட்டு, மின்னணு நுண்ணோக்கியில் நோக்கினர். ஆர்.என்.ஏ.வில் இடம்பெறாத டி.என்.ஏ. பகுதிகள் வளையங்களாகப் பிதுங்கி நின்றன. மரபணு தொடர்ச்சியான வாக்கியம் அன்று, துண்டு துண்டாக எழுதப்பட்டது என்பது அப்போது தெளிவாயிற்று. மறு ஆண்டில் வால்டர் கில்பர்ட் இன்ட்ரான், எக்ஸான் ஆகிய சொற்களை முன்வைத்தார். 1980-இல் ஜோன் ஸ்டைட்ஸ், மைக்கேல் லெர்னர் குழுவினர், லூபஸ் நோயாளிகளின் எதிர்ப்பொருள்களைக் கொண்டு தாம் பிரித்தெடுத்திருந்த உட்கருவின் சிறு ஆர்.என்.ஏ.-புரதத் துகள்களே இவ்வெட்டுக்குக் காரணமாகலாம் என்றனர். அவற்றுள் யு-1 என்பதன் ஒரு முனை, இன்ட்ரானின் தொடக்க எழுத்துகளோடு இணைசேரும் வரிசையைக் கொண்டிருந்தது. அதே ஆண்டில் ஈஸ்டின் ஆக்டின் மரபணுவிலும் ஓர் இன்ட்ரான் உண்டெனத் தெரிந்தது.

இரு வரலாறுகளும் 1981-இல் சந்தித்தன. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்பாஷ் குழுவினர், ஹார்ட்வெல்லின் 2ஆம் எண் சடுதிமாற்ற ஈஸ்டை வெப்பத்தில் வைத்து, ஒரு ரைபோசோம் புரத மரபணுவின் ஆர்.என்.ஏ.வை அளந்தனர். முதிர்ந்த செய்தி ஆர்.என்.ஏ. குறைந்தது, அதற்கு மாறாக, இன்ட்ரான் நீங்காத நீண்ட முன்னோடி குவிந்தது. பழுது ரைபோசோமில் இல்லை, ஸ்பிளைசிங்கில் இருந்தது. பின்னாளில் முழு மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்டபோது இதன் முழுக் காரணமும் விளங்கிற்று. ஈஸ்ட் தன் சொற்ப இன்ட்ரான்களைப் பரவலாகச் சிதறவிடவில்லை. ரைபோசோம் புரதங்களுக்கான 137 மரபணுக்களில் ஏறக்குறைய 100 இன்ட்ரான் கொண்டவை. அவை இடைவிடாது படியெடுக்கப்படுவதால், செல் ஆக்கும் செய்தி ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ஸ்பிளைசிங்கைக் கடந்தே வருகிறது. ஆகவே ஸ்பிளைசிங் நின்றால் முதலில் கண்ணுக்குத் தெரிவது ரைபோசோம் பஞ்சம்தான். 1970-இன் கூற்று விளைவைச் சரியாகக் கண்டது. காரணம் ஒரு படி பின்னால் இருந்தது. அப்பத்தில் பெரும்பாலானவை இவ்வகையினவே என்று தெரிந்தபின், முன்னோடி ஆர்.என்.ஏ. பக்குவமாதலைக் குறிக்கும் பிஆர்பி என்ற புதுப்பெயர் அவற்றுக்கு வந்தது. எண்கள் மட்டும் மாறவில்லை.

அடுத்து எழுந்த வினா, இயந்திரத்தின் இயல்பு பற்றியது. ஸ்பிளைசிங் வேதியியல் நோக்கில் இரண்டே வினைகள். 1984-இல் அவற்றின் வடிவம் தெளிவாயிற்று: முதல் வினையில் இன்ட்ரானின் தொடக்க முனை அறுபட்டு, அதன் உள்ளே இருக்கும் ஓர் அடினோசினுடன் பிணைந்து, சுருக்குக் கயிறு போன்ற வளையமாகிறது, இரண்டாம் வினையில் இரு எக்ஸான்களும் இணைந்து, அச்சுருக்கு கழன்று விழுகிறது. ஈஸ்டில் அந்த அடினோசின், யு-ஏ-சி-யு-ஏ-ஏ-சி என்னும் ஏழெழுத்து வரிசையில் அமைந்துள்ளது; இவ்வரிசை ஏறக்குறைய எல்லா ஈஸ்ட் இன்ட்ரான்களிலும் மாறாதது. இத்தகைய எளிய வேலைக்கு எத்தகைய பொறி வேண்டும்? ஆயத்தமாக மிதந்துகொண்டிருக்கும் ஒரு நொதி போதுமா, அல்லது ஒவ்வோர் இன்ட்ரானின் மீதும் புதிதாக ஒன்று கட்டப்படுகிறதா?

இதற்கு விடை காணச் செல்லுக்கு வெளியே ஸ்பிளைசிங்கை நிகழ்த்த வேண்டியிருந்தது. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் ஏபல்சனின் ஆய்வகம் 1985-இல் ஈஸ்ட் செல்களை உடைத்தெடுத்த சாற்றில் அதனை நிகழ்த்திக் காட்டியது. அதே ஆண்டில் எட்வர்டு பிராடியும் ஏபல்சனும், முன்னோடி ஆர்.என்.ஏ. 40எஸ் அளவுள்ள பெருந்தொகுதி ஒன்றோடு சேர்வதையும், வினைக்கான நிலைமைகள் இருக்கும்போதே அது நிகழ்வதையும் கண்டு, அத்தொகுதிக்கு ஸ்பிளைசோசோம் என்று பெயரிட்டனர். மனிதச் செல் சாற்றிலும் 60எஸ் அளவுள்ள தொகுதி ஒன்றை ஷார்ப் குழு அவ்வாண்டே கண்டது.

இப்போது ஹார்ட்வெல்லின் தொகுப்பு தன் முழுப் பயனைக் காட்டத் தொடங்கிற்று. ஏபல்சன் குழுவினர் சடுதிமாற்ற ஈஸ்டுகளிலிருந்து சாறெடுத்து, அதனை வெப்பப்படுத்திச் செயலிழக்கச் செய்தனர். தனித்தனியே செயலிழந்த இரு வேறு சாறுகளைக் கலந்தபோது ஸ்பிளைசிங் மீண்டும் நிகழ்ந்தது. ஒன்றில் இல்லாததை மற்றொன்று ஈந்தது. எனவே இப்புரதங்கள் ஒவ்வொன்றும் வினையில் நேரடியாகப் பங்கேற்கின்றன என்பது உறுதியாயிற்று. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு சாறும் எங்கே நின்றது என்பது. பலவற்றில் ஸ்பிளைசோசோமே உருவாகவில்லை. 2ஆம் எண் சாற்றிலோ தொகுதி உருவாயிற்று. வேதிவினை மட்டும் தொடங்கவில்லை. அப்புரதத்தைச் சேர்த்ததும் தொடங்கிற்று. கட்டுமானம் வேறு, இயக்கத் தொடக்கம் வேறு என்பதை இந்த ஒரு நிறுத்தம் பிரித்துக் காட்டியது.

1986-இல் ராஸ்பாஷ் குழுவும், 1987-இல் சூ-சென் செங், ஏபல்சன் இருவரும் இத்தொகுதிகளை ஜெல்லில் ஓடவிட்டு, நேரத்திற்கேற்ப அவை தோன்றி மறையும் ஒழுங்கைப் பதிவு செய்தனர். யு-2 முதலில் தெரிந்தது. பின்னர் யு-4, யு-5, யு-6 மூன்றும் ஒருசேர வந்தன. வினைக்கு முன்பாக யு-4 விடைபெற்றது. ஆனால் ஈஸ்டின் சிறு ஆர்.என்.ஏ.க்களை அடையாளம் காண்பதே தனியொரு போராட்டமாக இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் கிறிஸ்டின் கத்ரியின் ஆய்வகம் 1983 முதல் அவற்றைத் தேடியது. அவை பாலூட்டிகளைப் போல் மிகுதியாக இல்லை, அளவிலும் ஒத்திருக்கவில்லை. மனித யு-2 ஏறக்குறைய 190 நியூக்ளியோடைடு நீளமுடையது. ஈஸ்டின் யு-2-க்கோ 1,175. ஆகவே அளவை நம்பித் தேடியவர்களுக்கு அது அகப்படவில்லை. 1986 முதல் 1988 வரையான ஆண்டுகளில் பல ஆய்வகங்களின் உழைப்பால் ஐந்தும் ஒவ்வொன்றாக இனங்காணப்பட்டன.

அவை முன்னோடி ஆர்.என்.ஏ.வை எவ்வாறு அறிகின்றன என்பதற்கு 1987-இல் ராய் பார்க்கர், சிலிசியானோ, கத்ரி மூவரும் அளித்த சான்று மரபியல் தர்க்கத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏழெழுத்து வரிசையில் ஓரெழுத்தை மாற்றினர், ஸ்பிளைசிங் குன்றியது. யு-2-இல் அதற்கு எதிர்நிற்கும் எழுத்தையும் இணையுமாறு மாற்றினர், ஸ்பிளைசிங் மீண்டது. இரு தவறுகள் ஒன்றையொன்று நேர்செய்யுமாயின், அவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டே தீரவேண்டும். நுண்ணோக்கியால் காண இயலாத ஒரு தொடுகையை, வளரும் ஈஸ்டும் வளராத ஈஸ்டும் கொண்டே நிறுவினர். 1988-இல் ரூபி, ஏபல்சன் ஆய்வும், 1989-இல் செராஃபின், ராஸ்பாஷ் ஆய்வும், வரிசையின் தலைப்பில் நிற்பது யு-1 என்று காட்டின. ஏ.டி.பி. ஆற்றல் இன்றியே அது இன்ட்ரானின் தொடக்கத்தில் அமர்கிறது. அடுத்த ஒவ்வொரு படிக்கும் ஏ.டி.பி. தேவை.

பட்டியல் இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதை உணர்ந்து, புதிய சடுதிமாற்றங்களைத் தேடும் பணியை ஏபல்சன் ஆய்வகத்தில் மேற்கொண்டவர் உஷா விஜயராகவன். 1989-இல் அவரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, பிஆர்பி-17 முதல் பிஆர்பி-27 வரையான மரபணுக்களை அறிமுகம் செய்தது. அவற்றுள் 18ஆம் எண் புரதம் இரண்டாம் வினைக்குத் தேவையெனத் தெரிந்தது. 22ஆம் எண், முடிந்த செய்தி ஆர்.என்.ஏ.வை ஸ்பிளைசோசோமிலிருந்து விடுவிப்பதெனத் தெரிந்தது. 19ஆம் எண் புரதம் தனியாக வருவதில்லை, பல புரதங்கள் கொண்ட ஒரு குழுவாகவே வருகிறது என்பதைத் தைவானில் செங் தொடர்ந்து ஆராய்ந்து நிறுவினார். அக்குழு இன்றும் ‘பத்தொன்பது கூட்டமைப்பு’ என்னும் பொருள்படும் பெயராலேயே அழைக்கப்படுகிறது. விஜயராகவன் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தம் ஆய்வகத்தை அமைத்து, ரொட்டி ஈஸ்டிலிருந்து பிளவு ஈஸ்டுக்கும் இவ்வினாவை எடுத்துச் சென்றார். பிளவு ஈஸ்டின் மரபணுக்களில் ஏறக்குறைய பாதி இன்ட்ரான் கொண்டவை. ரொட்டி ஈஸ்டில் இரண்டாம் வினைக்கு உரியதென அறியப்பட்ட ஸ்லு-7 என்ற புரதம், பிளவு ஈஸ்டில் முதல் வினைக்கு முன்பே தேவைப்படுகிறது என்று அவ்வாய்வகம் கண்டது. ஓர் உயிரியில் வரைந்த வரைபடத்தை மற்றொன்றின் மீது அப்படியே விரித்துவிட முடியாது என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை.

இரண்டே வினைகளுக்கு இத்தனை படிகள் ஏன்? இவ்வினாவுக்குக் கத்ரி ஆய்வகத்தின் பிஆர்பி-16 பற்றிய ஆய்வுகள் ஒரு விடை தந்தன. சுருக்கு உருவாகும் அடினோசின் தவறான எழுத்தாக மாறியிருந்தபோதும், பிஆர்பி-16-இல் குறையுள்ள ஈஸ்டு அத்தவறான இன்ட்ரானையும் ஏற்று ஸ்பிளைசிங்கை முடித்தது. இப்புரதம் ஏ.டி.பி.யைச் சிதைத்து இயங்குவது. 1993-இல் பர்கெஸ், கத்ரி இருவரும் அளித்த விளக்கம் இது: ஏ.டி.பி. சிதையும் கால அளவே ஒரு கடிகாரம். அதற்குள் வினையை முடிக்கும் சரியான இன்ட்ரான் முன்செல்கிறது. பிந்தும் தவறான இன்ட்ரான் கழிக்கப்படுகிறது. அந்தக் கடிகாரம் மெதுவானால் பிழையும் தப்பிவிடுகிறது. ஓரெழுத்து தவறினாலும் அதன்பின் வரும் புரதச் செய்தி முழுவதும் பொருளிழக்கும் என்பதால், செல் வேகத்தை விட்டுக்கொடுத்துத் துல்லியத்தை வாங்குகிறது. படிப்படியான கட்டுமானத்தில் ஒவ்வொரு படியும் ஒரு சரிபார்ப்புக்கான வாய்ப்பு.

ஆனால் படிப்படியான கட்டுமானம் என்பதே மெய்தானா? 2002-இல் இவ்வையத்தை எழுப்பியதும் ஏபல்சன் ஆய்வகமே. ஸ்டீவன்ஸ் முதலியோர் உப்புச் செறிவு குறைந்த சாற்றிலிருந்து, ஐந்து துகள்களும் முன்கூட்டியே ஒன்றுசேர்ந்த பெருந்துகள் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். இன்ட்ரான் வருமுன்பே இயந்திரம் ஆயத்தமாக இருக்குமானால், ஜெல்களில் கண்ட வரிசை சோதனை முறை ஏற்படுத்திய தோற்றமாகவும் இருக்கலாம். இவ்வெதிர்வாதம் புறக்கணிக்கப்படவில்லை, புதிய சோதனைகளைத் தூண்டியது. 2005-இல் நியூகெபாவர் குழுவும் ராஸ்பாஷ் குழுவும், உயிருள்ள ஈஸ்டில் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும்போதே யு-1 முதலிலும் பிற துகள்கள் பின்னரும் மரபணுவின் மீது வந்து சேர்வதைக் காட்டின. 2011-இல் ஆரோன் ஹாஸ்கின்ஸ், ஜெஃப் கெல்லஸ், மெலிசா மூர் முதலியோர் துகள்களுக்கு வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் அடையாளமிட்டு, ஒற்றை ஆர்.என்.ஏ. மூலக்கூறின் மீது அவை வருவதையும் போவதையும் ஈஸ்ட் சாற்றிலேயே நேரடியாகக் கண்டனர். யு-1, யு-2, மூன்று துகள்களின் கூட்டு, பத்தொன்பது கூட்டமைப்பு என்ற வரிசை நிலைநின்றது. கூடவே எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது: ஒவ்வொரு படியும் மீளக்கூடியது. வந்து அமர்ந்த துகள் எழுந்து போகவும் செய்கிறது. இன்ட்ரானை வெட்டுவதென்ற முடிவு ஏதோ ஒரு கணத்தில் எடுக்கப்படுவதில்லை. படிதோறும் சிறிது சிறிதாக உறுதிப்படுகிறது.

வெட்டும் அலகு எது என்ற இறுதி வினாவுக்கு 2013-இல் சிகாகோவில் ஸ்டேலி, பிச்சிரில்லி குழுவினர் விடை கண்டனர்: இரு வினைகளுக்கும் வேண்டிய உலோக அயனிகளைப் பிடித்து நிற்பது யு-6 என்ற ஆர்.என்.ஏ.வே. புரதங்கள் அதனைச் சூழ்ந்து நின்று தாங்குகின்றன. 2015 முதல், குளிர்நிலை மின்னணு நுண்ணோக்கியின் துணையால் சீனாவில் யிகோங் ஷி, கேம்பிரிட்ஜில் கியோஷி நாகாய், கோட்டிங்கனில் ரெய்ன்ஹார்ட் லூர்மன் ஆகியோரின் குழுக்கள் ஸ்பிளைசோசோமின் ஒவ்வொரு நிலையையும் அணு அளவை நெருங்கும் தெளிவோடு படமெடுத்தன. இடையறாது உருமாறும் இயந்திரத்தைப் படமெடுக்க வேண்டுமாயின் அதனை ஒரு நிலையில் நிறுத்தியாக வேண்டும். 2009-இல் லூர்மன் குழு, இரு வினைகளையும் தூய்மையாக்கிய கூறுகளைக் கொண்டு மீட்டுருவாக்கியபோது, தொடக்கப்பொருளாகக் கொண்டது பிஆர்பி-2 வெப்பத்தால் செயலிழந்த ஈஸ்டின் சாற்றில் நின்றுபோன ஸ்பிளைசோசோமைத்தான். ஹார்ட்வெல்லின் 2ஆம் எண், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே இடத்தில் இயந்திரத்தை நிறுத்திக்கொண்டிருந்தது.

இவ்வரலாறு ஆய்வகத்திற்குள் முடிந்துவிடவில்லை. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை விழித்திரை நோயில் முதலில் இரவுப் பார்வை மங்கும். பின்னர் பார்வைப் புலம் ஓரங்களிலிருந்து சுருங்கும். 2001, 2002ஆம் ஆண்டுகளில் இந்நோயுற்ற குடும்பங்களில் கண்டறியப்பட்ட பழுதான மரபணுக்களுள் பிஆர்பிஎஃப்-8, பிஆர்பிஎஃப்-3 ஆகியவையும் உண்டு. அப்பெயர்களில் உள்ள 8, 3 என்னும் எண்கள் மனித மரபியலில் தோன்றியவை அல்ல. 1970-இல் 36 பாகை வெப்பத்தில் வளர மறுத்த ஈஸ்டுகளுக்கு இடப்பட்டவை.

ஹார்ட்வெல் 2001-இல் நோபல் பரிசு பெற்றது செல் சுழற்சி ஆய்வுக்காக. ராஸ்பாஷ் 2017-இல் பெற்றது உயிர்க்கடிகார ஆய்வுக்காக. ஸ்பிளைசோசோமின் கட்டுமான வரிசையைக் கண்டதற்கென்று தனிப்பரிசு பெற்றவர் எவரும் இல்லை. பல ஆய்வகங்களின், பல தலைமுறை மாணவர்களின் கூட்டு உழைப்பு அது. அவ்வுழைப்புக்கு அடித்தளமாக இருந்தது, தன் முதல் விளக்கம் திருத்தப்பட்ட பின்னும் கைவிடப்படாத ஒரு தொகுப்பு. விளக்கங்கள் காலத்தோடு மாறின. ஒழுங்காகப் பிரித்தெடுத்து, எண்ணிட்டு, உறைநிலையில் காத்து, கேட்டவர்க்கெல்லாம் அனுப்பப்பட்ட ஈஸ்டுகள் மட்டும், உரிய வினா வந்து சேரும்வரை விடையோடு காத்திருந்தன.